புனல் என்றால் இரண்டு பொருள்

மதிப்பும் பயமும் சரிபாதியாகக் கலந்த சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள், வீட்டில் வாலு என்று அழைக்கப்படுபவள், கட்டிலுக்கு அடியிலிருந்து எழுதிக்கொண்டது. சித்தி நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். ஊர்க் குடிநீர்க் கிணற்றுக்குப் பொறுப்பான பொறியாளர் நீங்கள் என்பதால், இன்று நீங்கள் நலமாக இருக்க வழியில்லை என்பதும் தெரியும். உங்கள் கைபேசி காலையிலிருந்து அணைந்தே கிடக்கிறது. ஊரே சேர்ந்து அழைத்தால் அதுவும்தான் என்ன செய்யும்? அதனால் இதைத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

காலையில் அடுப்படியிலிருந்து அம்மா, "ஏங்க, தண்ணி கலரா வருது" என்று அப்பாவைக் கூப்பிட்டதும் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. குழாய்ப் பக்கம் போகவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை, போர்வையோடு கட்டிலடியில் நுழைந்தவள்தான். பார்க்க என்ன இருக்கிறது? கலக்கியவளுக்குக் கலர் தெரியாதா? அன்று கலக்கியது நான், இன்று கலங்குவது ஊர்.

நடந்தது இதுதான். பள்ளி நாடகத்தில் ராஜா ஐந்து பேரைக் குத்த வேண்டும். ஒத்திகையிலேயே ராஜாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டு நாடகம் நின்றுபோக, ஐந்து பேருக்கான ரத்தம் ஒரு வாளி மிச்சம். சாப்பாட்டில் போடுகிற சிவப்புப் பொடியைக் கரைத்ததுதான். யார் கண்ணிலும் படாமல் கொட்டிவிட்டு வரச் சொன்னார் டீச்சர். சாக்கடையில் கொட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்குத்தான் ரேடியேட்டர் கடைக்காரர் ஞாபகம் வந்து தொலைத்தது. வண்டிகளின் ரேடியேட்டரில் பழைய தண்ணீரை வடித்துப் புதியதை நிரப்புவது அவர் தொழில். கடைக்குப் பின்னால் நாங்கள் விளையாடப் போனால் துரத்தி அடிப்பது அவர் பொழுதுபோக்கு. அங்கே எப்போதோ வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு ஒன்று மூடியில்லாமல் கிடக்கிறது. அதன் குழாய் வாயில் கொஞ்சம் ரத்தம் பூசி வைத்தால் மனிதர் அலறுவாரே என்று போனேன். போன இடத்தில், எனக்காகவே வைத்ததுபோல் குழாயில் ஒரு புனல் செருகியிருந்தது. புனல் என்றால் தண்ணீர் என்றும் பொருள் என்று தமிழய்யா சொல்லியிருக்கிறார். புனலில் புனல் ஊற்றிய முதல் ஆள் நான்தான் என்று சிரித்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்தேன். அது நடந்து பத்து நாள் ஆகிறது.

பழைய ஆழ்துளைகளை மூட வேண்டும், அதில் ஊற்றுவது நேராக ஊர்க் கிணற்றுக்குத்தான் போகும் என்று நீங்கள் எங்கள் வீட்டில் ஒருநாள் அரைமணி நேரம் பேசினீர்கள். அந்த அரைமணி நேரமும் நான் உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பிரிட்ஜில் ஒளித்துவைப்பதில் கவனமாக இருந்துவிட்டேன். நிலத்தடி நீர் நிலத்துக்கு அடியில் இருக்கும் என்று படித்தேன். அதற்காக அடி விழும் என்று பாடத்தில் இல்லை.

எனக்கு விழுந்தால் பரவாயில்லை சித்தப்பா. உங்கள் பம்பு ஆபரேட்டர் மோட்டார் மாமா பத்து மணிக்கு அப்பாவைப் பார்க்க வந்தார். அவர் கிணற்று மூடியைத் திறந்துபோட்டதால்தான் இப்படி ஆனது என்கிறார்களாம். நாளை விசாரணை, வேலை போய்விடுமாம். கட்டிலடியிலிருந்து அவர் செருப்பில்லாத கால் மட்டும் தெரிந்தது. ஒரு கால் இன்னொரு காலை மிதித்துக்கொண்டே இருந்தது.

"மூடி பூட்டித்தான் சார் இருந்துச்சு. சாவி இந்தா, என் இடுப்புலயே இருக்கு. நாளைக்கு ஆபீசருங்க முன்னாடி அதே தண்ணிய ஒரு சொம்பு குடிச்சுக் காட்டுறேன். அப்பவாவது நம்புவாங்கல்ல?"

அப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்ட கிணறாம்.

அதனால்தான் என் சாயம் தானாக வெளுக்கும் முன் நானே வெளுத்துவிடுகிறேன். குற்றவாளி நான். அவரை விட்டுவிடச் சொல்லுங்கள். அவர் குடிப்பதானால் தாராளமாகக் குடிக்கட்டும், ஒன்றும் ஆகாது, நாக்குதான் சிவக்கும். என் முதுகு சிவப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சித்திக்கு என் வணக்கம். உங்கள் ஆசியை நேரில் வந்து வாங்கத் தைரியமில்லை; இந்தக் காகிதத்தின் மேலேயே கையை வைத்துவிடுங்கள். மெதுவாக.

இப்படிக்கு,
இனிமேல் கண்ணாடியைத் தொடாத,
வாலு

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். சாட்சிக்கு இருக்கட்டும் என்று, காலையில் பிடித்த தண்ணீரில் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். தம்பி கட்டிலடியில் நீட்டினான். பச்சை.

"எந்தத் தண்ணிடா இது?"

"நம்ம குழாய்தான்க்கா. காலையிலேருந்து பச்சையாத்தான் வருது. நீ பாக்கவே இல்லையா?"

இதே பச்சைதான் ரேடியேட்டரில் ஊற்றக் கடைக்காரர் வைத்திருக்கும் கேன்களில் இருக்கிறது. கேன் மேல் மண்டையோடு போட்டிருக்கும். அந்தப் புனலை யார், எதற்கு வைத்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை சித்தப்பா. அதில் ஊற்றிய முதல் ஆள் நான் இல்லை. "ஒன்றும் ஆகாது" என்று மேலே எழுதியதை உடனே அடித்துவிடுங்கள். மாமா கையிலிருந்து அந்தச் சொம்பைப் பிடுங்குங்கள். யாரும் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. தம்பி சைக்கிளில் வருகிறான், நான் பின்னாலேயே ஓடி வருகிறேன்.

என் சிவப்பு இன்னும் வந்து சேரவே இல்லை.