புரோட்டாவின் மூன்றாவது இமை

பெருமாள்புரம்,
வியாழக்கிழமை.

மதிப்பும் பிரியமும் மிக்க சம்பந்தி காந்திமதிநாதன் அவர்களுக்கு, விஸ்வேஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கோமுவும் சுகமாக இருக்கிறோம். அம்பாசமுத்திரத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். சுகமில்லாதவர்களுக்கு எழுதக்கூடிய விஷயம் இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசியதை நாளைக்கு ஒருவர் சொல்லவில்லை என்பார், மற்றவர் கேட்கவில்லை என்பார். அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். எதுவும் எழுத்தில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

விஷயம் தங்கள் பூனையைப் பற்றியது. 'தங்கள் பூனை' என்று எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்னேகா மருமகளாக வந்தபோது கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் நிறைவாகவே வந்தன, ஒரு சொல் சொல்ல இடமில்லை. கடைசியாகத் தனியே ஒரு கூடையில் பூனையும் வந்தது. தங்கள் மாப்பிள்ளை ஸ்ரீசரணுக்குப் பெங்களூரில் வாய்த்த வீட்டுக்காரர் பூனை கூடாது என்றுவிட்டார். சம்பந்தியம்மாளுக்கு மூச்சிழுப்பு இருப்பதால் அங்கேயும் அனுப்ப முடியவில்லை. ஆகவே எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் புரோட்டா என்று பெயர் வைத்தது தங்கள் மகள்தான். சைவக் குடும்பத்தில் பிறந்த நான் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று "புரோட்டா, புரோட்டா" என்று கூவிக்கொண்டிருக்கிறேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் பாத்திரத்தோடு வந்து, "சால்னா தனியா தருவியளா?" என்று கேட்டார். இதையெல்லாம் நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

இப்போது பிள்ளைகள் வேறு வீடு மாறிவிட்டதாகவும், அங்கே பூனைக்குத் தடையில்லை என்றும், வரும் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் காரில் வந்து பூனையை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போவதாகவும் ஸ்னேகா சொன்னாள். நல்லது. ஆனால் ஏற்றிக்கொண்டு போகப்போகும் பூனையின் நிலைமை என்ன என்று முன்கூட்டியே தெரிவிப்பது என் கடமை.

போன வாரம் ஒரு காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பூனை எதிரே வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. பார்வை சரியில்லை. இரண்டு கண்ணிலும் மூக்கோரத்து மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு ஜவ்வு ஏறிப் பாதிக் கண்ணை மறைத்திருந்தது. முதலில் என்னை ஏளனமாகப் பார்க்கிறது என்றுதான் நினைத்தேன், இந்த வீட்டில் அதுவும் புதிதல்ல. கோமு வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, கண்ணு செருகுது. நேத்தே ஒழுங்கா தண்ணி குடிக்கல" என்றாள். அதற்குள் பக்கத்து வீட்டு அப்பாத்துரை சார் டார்ச் லைட்டோடு வந்துவிட்டார். பாளையங்கோட்டையில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர், சமீபத்தில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர், அதனால் இரண்டு துறையிலும் அவருக்கு அதிகாரம் உண்டு. "வே, இது புரைதான். எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று தனக்கு மீந்துபோன சொட்டு மருந்தை எடுத்து வந்தார். நான் பூனையைப் பிடிக்க வேண்டும், அவர் விட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் சொட்டு என் காதில் விழுந்தது. இரண்டாவது, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாத்துரை சாரின் வாயில் விழுந்தது, கசக்கிறதா என்று நான் கேட்பதற்குள் குழாயடிக்கு ஓடிவிட்டார். பூனை என் முன்கையில் நாலு கோடு போட்டுவிட்டுத் தாங்கள் வாங்கித் தந்த பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் கண்ணில் ஒரு சொட்டும் படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

போட்டோ எடுத்து ஸ்ரீசரணுக்கு அனுப்பினோம். "அப்பா, அது மூணாவது இமை. உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று பதில் வந்தது. அப்பாத்துரை சாருக்குக் காது மந்தம், அதனால் வாசலில் நின்று இதை உரக்கப் படித்தேன். அது தப்பாகப் போயிற்று. தெருமுனைக்குப் போவதற்குள் மூணாவது இமை மூணாவது கண்ணாகிவிட்டது. சாயங்காலம் ஒரு அம்மாள் வில்வ இலையோடு வந்து, பூனை எங்கே என்று என்னைத் தாண்டி உள்ளே போனார். நிலத் தகராறில் இருக்கும் ஒருவர் தன் தரப்பு நோட்டீஸ் ஒன்றும் எதிராளி நோட்டீஸ் ஒன்றும் கொண்டுவந்து தரையில் விரித்து, "எதுல வாய் வைக்குதுன்னு பாப்போம்" என்றார். பூனை எதிராளியின் நோட்டீஸ்மேல் படுத்துத் தூங்கிவிட்டது. அன்றைக்கே அவர் சமாதானத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. படித்தவர்கள் வாழும் காலனி என்று சொல்லித்தான் எனக்கு இந்த மனையை விற்றார்கள்.

மறுநாள் நாசர் ஆட்டோவைக் கூப்பிட்டு, கண் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். நாசரும், "கண்ணுன்னா அங்கனதான் அண்ணாச்சி போணும்" என்றார். கூடையை ஆட்டோவில் வைத்துவிட்டு நான் மட்டும் பதிவு செய்யப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "பேஷண்ட் பேரு?" என்றாள். "புரோட்டா" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள், இப்போது பிள்ளைகளுக்கு என்னென்னவோ பெயர் வைக்கிறார்கள். "வயசு?" "மூணு." "அப்பா பேரு?" அந்த இடத்தில் எனக்கு வேறு வழி தோன்றவில்லை, தங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். போன் நம்பரும் தங்களுடையதுதான். கூடையைக் கொண்டுபோய்த் துணியை விலக்கிய பிறகு அங்கே நடந்ததை விவரிக்க விரும்பவில்லை. குழந்தை புரோட்டாவை மறுபரிசோதனைக்கு அழைத்து வரும்படி தங்களுக்குக் குறுஞ்செய்தி ஏதும் வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

கடைசியில் கால்நடை டாக்டர் டெபோரா அம்மாளிடம் போனோம். சின்ன வயசு, ஆனால் கண்டிப்பு. பூனையை எடை பார்த்தார், பிடரித் தோலைப் பிடித்து இழுத்து விட்டுப் பார்த்தார், கண்ணை மட்டும் ஒரு நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டார். "சார், இந்த மூணாவது இமை எல்லாப் பூனைக்கும் உண்டு. உள்ள ஒளிஞ்சு கெடக்கும். உடம்பு சரியில்லன்னா வெளிய தெரியும். ஒத்தக் கண்ணுல மட்டும்னா முள்ளு கிள்ளு குத்திருக்கான்னு பாக்கணும். இது ரெண்டுலயும் ஒண்ணுபோல ஏறிருக்கு. வயித்துக் கோளாறு. என்ன சாப்பிடக் குடுக்கிய?" என்றார். கௌரவமான குடும்பத்தில் என்ன உண்டோ அதுதான் என்றேன். அதற்கு மேல் நடந்த பேச்சு இந்தக் கடிதத்துக்கு அவசியமில்லை. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார், தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார், கண்ணுக்கு எதுவுமே கொடுக்கவில்லை. மனுஷர் மருந்தைப் பூனைக் கண்ணில் விடுகிற யோசனை யாருடையது என்று கேட்டார், அப்பாத்துரை சார் பெயரைச் சொன்னேன்.

எல்லாப் பூனைக்கும் உண்டு என்று டாக்டர் சொன்னது பொது விதி. தங்கள் பூனைக்கு அது வெளியே தெரிகிறது என்பதே விஷயம். இது பிறவியிலேயே உள்ள பலவீனமா, கல்யாணத்துக்கு முன்பே அங்கே யாராவது கவனித்தீர்களா, கவனித்தும் சொல்லாமல் விட்டீர்களா என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. கேட்பவர்கள் கேட்பார்கள். பெங்களூர் அடுக்குமாடியில் நாலு பேர் வந்துபோகிற வீட்டில் இப்படிப்பட்ட பூனை உட்கார்ந்திருந்தால் நம் பிள்ளைகளைப் பற்றி என்ன நினைப்பார்கள், அவ்வளவு தூரப் பயணத்தை இந்த உடம்பு தாங்குமா என்பதைத் தாங்களே யோசிக்கவும். இந்தப் பூனை எங்களுக்கு வேண்டாம் என்று தாங்கள் கோபித்துச் சொன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன். கஷ்டத்தோடு கஷ்டமாக இங்கேயே கிடந்துவிட்டுப் போகட்டும் என்று ஏற்றுக்கொள்வேன்.

சம்பந்தியம்மாளுக்கு இழுப்புக்குத் தூதுவளைத் துவையல் நல்லது. குறுக்குத்துறை முருகன் அருளால் இரு வீட்டாரும், மனஸ்தாபம் இல்லாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள சம்பந்தி,
விஸ்வேஸ்வரன்.

பின்குறிப்பு: அண்ணாச்சி, இது கோமு எழுதுகிறேன். தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். உறையை ஒட்டாமல் கொடுத்தது அவர் தப்பு.

பூனைக்கு ஒரு குறையும் இல்லை. கண் தெளிந்து, இப்போது கொல்லையில் அணிலை விரட்டிக்கொண்டிருக்கிறது. என் தங்கை மகள் கல்யாணத்து மறுவீட்டில் மிஞ்சிய சொதியைத் தூக்குச்சட்டியில் வாங்கிவந்து, ஃப்ரிட்ஜில் ஒளித்துவைத்து, எனக்கு ஒரு கரண்டியும் பூனைக்கு நாலு கரண்டியுமாக ஊற்றியது உங்கள் சம்பந்திதான். "தேங்காப்பாலும் பூண்டும் பூனைக்கு ஆகுமா சார்? வயித்தால போயி உடம்புல தண்ணியே இல்ல" என்று டாக்டரம்மா திட்டியதைத்தான் அவசியமில்லை என்று எழுதியிருக்கிறார். ஊசி போடும்போது, "பைய போடுங்கம்மா, பைய" என்று இவர் அழுத அழுகையில் நாசர்தான் பூனையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பும்போது, பூனை பிரயாணம் செய்யக் கூடாதென்று சர்ட்டிபிகேட் தரும்படி கேட்டார். "பூனைக்கெல்லாம் லீவு லெட்டர் எழுத மாட்டேன் சார்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நல்ல பூனையை ஏன் இப்படிக் குறை எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "குறை சொன்னா சம்பந்திக்கு ரோஷம் வரும். பூனைய நீரே வச்சிக்கிடும் வே, அப்படின்னு சொல்லுவாரு. வச்சிக்கிடலாம்லா" என்கிறார். நேராகக் கேட்டால் என்ன என்றேன். மாப்பிள்ளையின் அப்பா பெண் வீட்டில் போய்ப் பூனை கேட்பதா என்று கோபம் வந்துவிட்டது.

நீங்கள் ரோஷப்பட வேண்டாம், அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், மதினியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஸ்னேகா போனில் பூனையைப் பார்த்துப் பார்த்து ஏங்குகிறாள், அது அவளிடம் போவதுதான் நியாயம். ஆனால் நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் பூனையோடு இவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். ஒரு மாதம் பெங்களூரில் இருக்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நான் தனியாக உட்கார்ந்து ஒரு காப்பி குடித்ததில்லை. அவருடைய வேட்டி சட்டையெல்லாம் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் பூனையைக் கூடையில் வைத்துக் கார்க் கதவைத் திறக்கும்போது சொல்லிக்கொள்கிறேன்.