பானெட்டைத் திறந்து காட்டுகிறவர்

பானெட்டைத் திறந்து காட்டுகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்கள் தெருவில் குறைந்தது ஒருவராவது இருப்பார். இல்லை என்று தோன்றினால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலுக்கு வந்து பாருங்கள். காரைக் கழுவுகிறவர்களோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். காரின் மேலே தண்ணீர் ஊற்றித் துடைப்பது முகத்துக்குப் பவுடர் அடிக்கிற வேலை. இவர் கழுவுவது மூடியைத் தூக்கினால் மட்டும் தெரிகிற இடத்தை: எஞ்சின், அதைச் சுற்றி ஓடும் குழாய்கள், ஒயர்கள், திருகுகள், அந்தத் திருகுகளின் தலையிலுள்ள பள்ளம். அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் இவர் இருக்கிறாரே, கூப்பிட்டுக் காட்டுவார்.

"வெளியே எவன் வேணா கழுவுவான். உள்ளே கழுவுறவன்தான் மனுஷன்." இது இவருடைய வேதவாக்கு. அந்த 'உள்ளே'யில் மனிதர்கள் உட்காருகிற இடம் சேராது. பின் சீட்டில் போன வருஷத்து பிஸ்கட் தூள் அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு ஒன்று, யாருடையது என்று தெரியாமல், குடும்பத்தில் ஒருவர் போலப் பயணம் செய்துகொண்டிருக்கும். அதனால் என்ன? பயணிகள் இன்று ஏறுவார்கள், நாளை இறங்குவார்கள். எஞ்சின் அப்படியா?

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள் ஒரு நர்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் பத்து வருஷம் நின்றவள். அறுப்பதற்கு முன்னால் பஞ்சையும் துணியையும் எண்ணி வைப்பது, தைப்பதற்கு முன்னால் மறுபடி எண்ணிப் பார்ப்பது, ஒன்று குறைந்தால் பெரிய டாக்டரே ஆனாலும் "சார், நிறுத்துங்க" என்று சொல்வது, இதுதான் அவள் பிழைப்பு. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கரண்டி எத்தனை, கிளிப் எத்தனை என்று அவளுக்கு மனப்பாடம். பல் துலக்கும் பிரஷ்கள் வீட்டை விட்டு ஓடிப்போவதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஓடிப்போனவை எல்லாம் காருக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தன.

அவளுடைய மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மருந்து விடுவது, நகம் வெட்டுவது, கை பிடித்து நடத்துவது எல்லாம் மருமகள். அவள் தன் கணவரிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு வேலை.

"மாமாவோட கண்ணாடியைத் தினமும் துடைச்சுக் கொடுங்க. துணியெல்லாம் உங்க டிபார்ட்மெண்ட்தானே."

"இதைப் போய்ச் சொல்லணுமா? நான் பார்த்துக்கிறேன்" என்றார் அவர். சும்மா சொல்லவில்லை, அவரிடம் ஏழு நிறத்தில் மைக்ரோஃபைபர் துணி இருந்தது. மஞ்சள் முதல் துடைப்புக்கு, நீலம் ஈரத்துக்கு, சாம்பல் பாலிஷுக்கு. ஒன்றை எடுத்து இன்னொன்றின் வேலைக்கு வைத்துவிட்டால் வீட்டில் அன்று பேச்சு வார்த்தை கிடையாது.

நான்கு மாதம் காத்திருந்து, திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கண் ஆபரேஷனுக்கு இடம் கிடைத்தது. "எட்டரைக்குள்ள வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம். அப்புறம் மறுபடி நாலு மாசம்" என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். பெரியவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்குத் தானே செய்தித்தாள் படிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மகன் தினமும் வாசித்துக் காட்டுகிறவர்தான். ஆனால் எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் கார் விளம்பரத்தில் போய் முடிப்பார்.

அந்தத் தேதி கிடைத்ததும் மகன் செய்த முதல் ஏற்பாடு என்ன தெரியுமா? சனிக்கிழமையன்று பானெட்டைத் திறந்தார்.

"மாமாவை ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிடத்தானே போறோம்? டாக்டர் என்ன, பானெட்டைத் திறந்தா பார்க்கப் போறார்?" என்று கேட்டாள் மனைவி.

"பார்க்கிங்ல யாராவது கேட்டா?"

யாராவது கேட்டால்! பார்க்கிங்கில் ஒருவர் ஓடி வந்து, "ஐயா, தயவு செய்து உங்கள் எஞ்சினைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கெஞ்சும் அந்த நாளுக்காகத்தான் இந்த இனம் உயிர் வாழ்கிறது.

சடங்கு ஆரம்பமானது. முதலில் எஞ்சின் சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. பேட்டரி ஒயர் ஒன்றைக் கழற்றி ஒதுக்கினார். அடுத்து, தண்ணீர் படக்கூடாத உறுப்புகளுக்கு உறை போட வேண்டும். மனைவியிடமிருந்து குப்பைக்கூடையில் மாட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக் பைகளும் ரப்பர் பேண்டும் வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பாகத் தலையில் பை மாட்டி, கழுத்தில் ரப்பர் பேண்ட் சுற்றி, காற்றுப் புகாமல் இழுத்து, கன்னத்தில் லேசாகத் தட்டிக்கொடுத்தார். சொந்த அப்பாவுக்குப் போர்வை இழுத்துவிடாத கை அது. என்னவொரு பதம், என்னவொரு பரிவு!

பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற திரவத்தைத் தெளித்து, பிரஷால் தேய்த்து, தோட்டத்துக் குழாயைச் சிறிதாகத் திறந்து, "தண்ணியை அடிக்கக் கூடாது, காட்டணும்" என்று யாரும் கேட்காமலே விளக்கி, உறைகளை அவிழ்த்து, மனைவியின் தலைமுடி உலர்த்துகிற கருவியால் ஒவ்வொரு சந்தாக ஊதிக் காயவைத்து, கடைசியில் கறுப்பாக இருந்த எல்லாவற்றுக்கும் பாலிஷ் தடவி முடித்தபோது மணி மூன்று. அவள் ஈரத்தலையோடு சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

இனிதான் முக்கியமான கட்டம். கூட்டம் சேர்க்க வேண்டும். எதிர்வீட்டுத் தையல்காரர் பால் வாங்கிக்கொண்டு போனவர், மாட்டிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் வாங்க. ஒரே நிமிஷம்."

தையல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். இந்த மாதிரி இடத்தில் என்ன சொல்வது என்று உங்களுக்குத் தெரியுமா? "நல்லா இருக்கு" என்றால் "எது?" என்று கேட்பார். "எல்லாம்" என்றால் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று முதலிலிருந்து காட்டுவார். தையல்காரர் நல்ல மனுஷன், தன் தொழிலை வைத்துத் தப்பிக்கப் பார்த்தார்.

"அந்த முன்மூலை ரொம்ப அழகு சார். சுருக்கு வச்சுத் தைச்ச பாவாடை மாதிரி இருக்கு."

"அங்கேதான் ரெண்டு தடவை பாலிஷ் போட்டேன்" என்றார் இவர், குரல் தழுதழுக்க.

கழுவிய பிறகு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்பது இவருக்குத் தெரியாதா? தெருவுக்கே அதை உபதேசிக்கிறவர் இவர். ஆனால் ஓடவிட்டால் தூசி கிளம்புமே, பாலிஷ் மேல் உட்காருமே! மனம் வரவில்லை. பேட்டரி ஒயரை மாட்டி, பானெட்டை மெதுவாகச் சாத்தி, காருக்கு மேலே உறையையும் இழுத்து மூடிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழரை. பெரியவர் சலவைச் சட்டை போட்டு, முன் சீட்டில் ஏறி, பெல்ட் மாட்டித் தயாராக இருந்தார். மகன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது, ஒரு இருமல் இருமியது, அடங்கிவிட்டது. மறுபடி திருப்பினார். மறுபடி இருமல். மூன்றாவது தடவை இருமக்கூடத் தெம்பில்லை.

"ஈரம்தான். எங்கேயோ ஈரம் தங்கிடுச்சு" என்று இறங்கி பானெட்டைத் திறந்தவர், தலைமுடி உலர்த்துகிற கருவிக்கு ஓடினார். தையல்காரர் வந்தார். "பெட்ரோல் இருக்கா சார்?" என்றார். பதிலுக்குக் கிடைத்த பார்வையில் இரண்டடி பின்னால் போனார்.

மனைவி அதற்குள் டாக்சிக்குப் போன் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை காலை, அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரி அரை மணி தூரம். கணக்கு உதைத்தது.

"என்னடா ஆச்சு?" என்றார் பெரியவர் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்லப்பா, அஞ்சே நிமிஷம்."

"நாலு மாசம் போயிடும்டா."

டார்ச் அடித்து, குனிந்து, மூக்கு தொடுகிற தூரத்தில் ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். எல்லாம் மின்னின. மின்னுகிறதெல்லாம் சரியாக இருக்கிறது என்பது இந்த இனத்தின் நம்பிக்கை; அதனால் கோளாறு எங்கேயும் இல்லை என்ற முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். மனைவி சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எத்தனை பை கட்டினீங்க?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"எத்தனைன்னு கேட்டேன்."

அந்தக் குரலுக்குப் பெரிய டாக்டர்களே கத்தியைக் கீழே வைத்திருக்கிறார்கள். இவர் விரலை மடக்கினார். "ஃபியூஸ் பெட்டிக்கு ஒண்ணு. பேட்டரிக்கு ஒண்ணு. ஆல்டர்னேட்டருக்கு ஒண்ணு. இக்னிஷன் காயிலுக்கு ஒண்ணு. நாலு."

"அஞ்சு ரப்பர் பேண்ட் கொடுத்தேன். சமையலறை ஆணிக்கு நாலுதான் திரும்பி வந்துச்சு."

மடங்காத கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெரியவருக்குக் கண்தான் மங்கல், காது நல்ல காது. "மூச்சு முட்டற மாதிரில்ல இருமுச்சு" என்றார் உள்ளேயிருந்து.

"இந்த வண்டிக்கு மூச்சு எங்கேங்க?" என்று மனைவி கேட்டாள்.

அவர் கை தானாகவே முன்மூலையைக் காட்டியது. காற்றை உள்ளே இழுக்கிற குழாயின் வாய் அங்கேதான். சுருக்கு வைத்துத் தைத்த பாவாடை மாதிரி, கறுப்பாக, பளபளவென்று, இரண்டு தடவை பாலிஷ் வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தது ஐந்தாவது பை.

அவள் இரண்டு விரலால் உரித்தாள். ரப்பர் பேண்டைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள். இரண்டு இருமல் இருமிவிட்டு மூன்றாவது திருப்பில் எஞ்சின் ஓடியது.

"நான் அப்பவே பாவாடைன்னு சொன்னேனே" என்றார் தையல்காரர்.

எட்டு இருபத்தெட்டுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். பெரியவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்த நர்ஸ் சின்னப் பெண், கை வேகமானவள். பேர் கேட்டாள், எந்தக் கண் என்று கேட்டாள், அவர் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தாள். கையிலிருந்த பஞ்சால் இரண்டு பக்கமும் தேய்த்து, மறுபடி அவர் மூக்கில் மாட்டி, "இதில கையெழுத்துப் போடுங்க" என்று காகிதத்தை நீட்டினாள்.

பெரியவர் காகிதத்தைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட! ஆபரேஷன் முடிஞ்சிடுச்சாம்மா? வலியே தெரியலையே!"

"இன்னும் உள்ளேயே போகலை ஐயா. கண்ணாடியைத் துடைச்சேன், அவ்வளவுதான்."

மகன் பக்கத்தில்தான் நின்றார். சட்டைப் பையில் மஞ்சள் துணியின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மணிக்கட்டு ரப்பர் பேண்டை ஒரு தடவை இழுத்து விட்டாள். அது 'பட்' என்றது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பெரியவர் இப்போது செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறார். கார் விளம்பரம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் காரே இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். பீரோவுக்குள்ளே நிறம் பார்த்து அடுக்குகிறவர், கம்ப்யூட்டர் கீபோர்டின் பட்டன்களைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறவர், யாரும் வராத வீட்டில் விருந்தாளிக்கான தட்டுகளை வாரம் தவறாமல் கழுவி அடுக்குகிறவர், எல்லாரும் இதே வம்சத்தின் கிளைகள்தான். சந்தேகமிருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் கண்ணாடி போட்ட பெரியவர் இருந்தால், எழுந்து போய் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். அழுக்காக இருந்தால் அங்கேயே, அப்போதே துடையுங்கள்; போட்டிருக்கிற பனியனின் நுனி போதும். அப்படி இல்லாமல், "இதுக்குன்னு ஒரு துணி வச்சிருந்தேனே, எங்கே?" என்று நீங்கள் தேடத் தொடங்கினால், உங்கள் வீட்டில் ரப்பர் பேண்டை எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள்.