குகநேசன்ரை நாரி

ஒஸ்லோவிலை இருக்கிற தமிழருக்கு வரக்கூடிய வருத்தங்கள் மொத்தம் மூண்டு. சீனி, பிறசர், இடுப்பிலை பிடிக்கிற நாரி நோ. வேறை வருத்தம் எங்கடை சனத்துக்கு வாறதில்லை. வந்தாலும் இந்த மூண்டிலை ஒண்டின்ரை பேரிலைதான் அது வெளியிலை திரியும்.

இந்த நல்ல ஒழுங்கைக் குழப்பிக்கொண்டு, 2006ஆம் ஆண்டு, ரொம்சோஸிலை இருக்கிற குகநேசனுக்கு மனச்சோர்வு வந்திட்டுது.

ஆள் பாண் சுடுற பக்டறியிலை கனகாலமாய் வேலை. அங்கை புதுசாய் வந்த மனேச்சர் எங்கையோ ஒரு வகுப்புக்குப் போய்வந்து, காலமை வேலை தொடங்க முன்னம் எல்லாரையும் வட்டமாய் நிக்கவிட்டு, ஆளுக்கொரு சந்தோசமான விசயம் சொல்லவேணும் எண்டு சட்டம் போட்டார். அப்ப அது நோர்வே முழுக்கப் பரவின பசன். குகநேசன் மகள் யதுர்ஷாவின்ரை படிப்பைச் சொன்னார், வெயிலைச் சொன்னார், போகப்போகச் சொல்ல ஒண்டும் மிஞ்சேல்லை. ஒருநாள் பெல்ட்டுக்கு முன்னாலை நிண்ட மனுசன் நிண்டபடியே நிண்டிட்டார். பாண் எல்லாம் நிலத்திலை கொட்டுண்டுது.

மனச்சோர்வு, இனி வேலை செய்ய ஏலாது எண்டு டொக்டர் எழுதிக்குடுத்தார். அதை இழப்பீடு கேட்டு, பக்டறி காப்புறுதி எடுத்திருந்த கொம்பனிக்கு அனுப்பியாச்சு. ஆனால் எங்களுக்கு அவர் சொன்னது நாரி நோ எண்டுதான். யதுர்ஷாவுக்குத் திராமனிலை ஒரு சம்பந்தம் கதைச்சுக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் நாரியைப் பொறுப்பினம், மண்டையைப் பொறுக்கமாட்டினம். நானே ஒரு போத்தில் எண்ணெய் கொண்டுபோய்க் குடுத்தனான். மனுசனும் வாங்கி வைச்சார்.

உங்களை நல்லாய்த் தெரிஞ்ச ரெண்டுபேரின்ரை பேர் தாங்கோ எண்டு கொம்பனி குகநேசனிட்டைக் கேட்டிருக்கு. கோயில் தலைவர் சிறீஸ்கந்தராசாவின்ரை பேரையும் என்ரை பேரையும் குடுத்தவர், விசயத்தை மட்டும் எங்களுக்குச் சொல்லேல்லை. கொம்பனியிலையிருந்து பெரித் எண்ட பெண் அதிகாரி ரெலிபோன் எடுத்து, அவருக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டா. நாங்கள் சிநேகிதனைக் கைவிடுவமோ? நாரிதான் எண்டு ரெண்டுபேரும் அடிச்சுச் சொன்னம். குனிஞ்சு சப்பாத்துப் போடவும் ஏலாது எண்டு நான் என்ரை பங்குக்குக் கொஞ்சம் கூட்டியும் விட்டன்.

கொம்பனி குகநேசன்ரை நாரியை எக்ஸ்றே எடுப்பிச்சுது. பிறகு முடிவு வந்துது. "மேற்படியாரின் நாரி எக்ஸ்றேயின்படி பூரண நலமாக உள்ளது. அவரது மனம் குறித்து நண்பர்களுக்கு எவ்வித முறைப்பாடும் இல்லை. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

குகநேசன் என்ரை வீட்டை வந்து உண்மையைச் சொன்னார். எனக்கு முதலிலை கோவம்தான் வந்துது, அருமந்த எண்ணெய். பிறகு அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னார்:

"அண்ணை, காசை விடுங்கோ. எனக்கு வருத்தம் எண்டு ஒருத்தராவது ஒத்துக்கொள்ளவேணும். இல்லாட்டி நான் பஞ்சி பிடிச்ச சோம்பேறி எண்டு நானே நம்பிப்போடுவன்."

தலைவருக்கும் சொல்லி, முடிவை எதிர்த்து மூண்டுபேருமாய்க் கொம்பனிக்குப் போனம்.

பெரித் எழும்பிக் கைகூப்பி வரவேற்றா. பிற பண்பாடுகளை மதிக்கிறது எப்பிடி எண்டு அப்பத்தான் ஒரு வகுப்பு முடிச்சவவாம், சான்றிதழ் சுவரிலை தொங்குது. மதிப்பு முறைப்படி முதல் தலைவரைக் கேட்டா. தலைவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னாலை இனத்தின்ரை மானம் எண்டொண்டு இருக்கெல்லோ. கழுத்திலை கிடந்த ரையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"எங்கடை சனத்துக்கு இந்த வருத்தம் வாறேல்லை. இது உங்கடை குளிருக்கு வாறது."

மேசைக்குக் கீழாலை நான் அவருக்கு ஒரு உதை விட்டன். பிறகு, குகநேசனுக்கு உண்மையாய் வருத்தம், நாரிக் கதைதான் பொய் எண்டு சொன்னன். அப்ப முந்தி சொன்னது பொய்யோ எண்டு பெரித் கேட்டா. ஓம் எண்டன். பொய் சொல்லுறவர் எண்டு எழுதிக்கொண்டா. குகநேசன் உள்ளை வரேக்கை தன்னைப் பாத்துச் சிரிச்சதையும் எழுதினா. அது மரியாதைக்குச் சிரிச்சது எண்டார் அவர். மரியாதை செய்யிற மனம் நல்ல மனம்தானே எண்டு அதையும் சேத்துக்கொண்டா.

ரெண்டாம் முடிவு இன்னும் பண்பாய் வந்துது. "தமிழ்ப் பண்பாட்டில் மனச்சோர்வு இல்லையென அச்சமூகத் தலைவரே உறுதிப்படுத்தியுள்ளமையால், அப்பண்பாட்டின் மீது எமக்குள்ள ஆழ்ந்த மரியாதையின் நிமித்தம் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

வெள்ளைக்காரக் கொம்பனி எங்கடை பண்பாட்டை மதிச்சிருக்கு எண்டு தலைவர் இதைக் கோயில் கூட்டத்திலை பெருமையாய் வாசிச்சார். சனம் கைதட்டிச்சுது. தட்டினவையிலை சிலருக்கு அடுத்த மாதமே அதே வசனம் கடிதத்திலை வந்துது. ரொம்சோஸிலை வந்துது, திராமனிலை வந்துது, ஹம்மர்பெஸ்டிலை மீன் வெட்டப்போன பெடியனுக்கும் வந்துது. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. திறந்தால் தனக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லவேண்டி வருமே.

கடைசியாய்த் தலைவருக்கே வந்துது. மனுசன் எப்பவோ தொடக்கம் அதே வருத்தத்துக்கு மருந்துக் குளிசை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வேறை வழியில்லாமல் குகநேசனைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார். நானாயிருந்தால் கதவைச் சாத்தியிருப்பன். குகநேசன் போனார். இவருக்கு வருத்தம் உண்மை, எனக்கு இருக்கிறபடியால் எனக்கு விளங்கும் எண்டு பெரித்துக்குச் சொன்னார். அதுக்கும் மறுமொழி வந்துது. "தமிழருக்கு மனச்சோர்வு வருமெனக் கூறும் ஒரேயொரு தமிழர், தமக்கு அது இல்லையென ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டவர்."

தலைவர் பதவியை விட்டார். காரணம் நாரி நோ எண்டு அறிவிச்சினம். அவர் சுகப்படவேணும் எண்டு வெள்ளிக்கிழமை கோயிலிலை விசேச அர்ச்சனை. தலைவருக்கெண்டு வந்த சனம், ஐயரிட்டை மெல்லமாய்த் தங்கடை பேர் நட்சத்திரத்தையும் குடுத்துது. வரிசை வாசலைத் தாண்டி றோட்டுக்குப் போச்சு. ஒருத்தரின்ரை முகத்தை ஒருத்தர் பாக்கேல்லை. நானும் என்ரை பேரைக் குடுத்தன்.

குகநேசனை மட்டும் ஒருத்தரும் கூப்பிடேல்லை. அவரின்ரை நாரியிலை ஒரு பிழையும் இல்லை எண்டு கொம்பனியே எழுதிக்குடுத்திட்டுதே.