வெளி ஃபிட்டிங் தாய்மாமன்

ஒரு வண்டியைப் பற்றி மாதக்கணக்கில் வீடியோ பார்த்தவனிடம், அந்த வண்டியை ஆர்டர் செய்யும் பொறுப்பை யாரும் கொடுக்கக் கூடாது. பாலைவன மணலில் ஓட்டும்போது டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று அவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பாலக்கோடு மார்க்கெட் போகிற வழியில் எங்கே வேகத்தடை இருக்கிறது என்று கேளுங்கள், முழிப்பான். இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த ஆள் நான்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு தக்காளி விலை திடீரென்று ஏறியது. அப்பா ஜீப் வாங்குவது என்று முடிவு செய்தார். எங்கள் காட்டுக்குப் போக (எங்க பக்கம் விவசாய நிலத்தைத்தான் காடு என்போம், யாரும் பயப்பட வேண்டாம்) ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். மழை பெய்தால் அந்த ஓடைக்கரையில் பைக் ஒரு பக்கம் போகும், அப்பா ஒரு பக்கம் போவார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தால் நல்லது. அவருடைய தேவை அவ்வளவுதான். எனக்கோ, ஓசூரில் கம்ப்யூட்டர் முன்னால் குந்தி வேலை செய்கிறவனுக்கு, இமயமலையைத் தாண்டுகிற மாதிரி ஒரு வண்டி தேவைப்பட்டது. லீவு கிடைக்காது என்பது வேறு விஷயம்.

தர்மபுரி ஷோரூமில் எங்களுக்கு விளக்கம் சொன்ன பெண் ரொம்பப் பொறுமைசாலி. எல்லா வசதியும் கம்பெனியிலேயே பொருத்தி வருகிற மாடலைக் காட்டினார். பட்டன் அமுக்கினால் இறங்குகிற கண்ணாடி, ஏறுவதற்குக் கால்படி, அளவான கேரியர். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. கால்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார்.

"இதையே போட்டுடுங்கம்மா. எல்லாம் கம்பெனியில இருந்தே வந்துடட்டும்."

நான் குறுக்கே விழுந்தேன். "அப்பா, இருக்கறதுலயே மொட்டை மாடல எடுப்போம். மத்ததெல்லாம் வெளியில போட்டுக்கலாம். கம்பெனிக்காரன் போடறது சும்மா பொம்மப்பா."

"வண்டிய செஞ்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாடா?"

"அவன் ஊருக்கெல்லாம் ஒரே அளவுல சட்டை தெக்கறவன். நாம நம்ம அளவுக்குத் தெச்சிக்கலாம்."

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். "சார், வெளியில போட்டா வாரண்டியில பிரச்சனை வருங்க. வண்டி உயரம் அகலமெல்லாம் மாறிடும், பாத்துக்கோங்க."

"உயரம் மாறணும்னுதாங்க போடறதே" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தாலும் எனக்கே என் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றும்.)

அப்பா கால்படியை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தார். "என்னமோ பண்ணு. ஆனா பாப்பா காதுகுத்துக்கு வண்டி வந்து நிக்கணும். நீயும் வந்து நிக்கணும்."

பாப்பா என்றால் என் அக்கா மகள் நித்திலா. மொட்டை அடித்தாகிவிட்டது, காதுகுத்துதான் பாக்கி. எங்கள் வழக்கப்படி தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து, தாய்வீட்டுக் குலதெய்வக் கோயில் எல்லைக்குள் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். அக்காவுக்குத் தம்பி நான் ஒருவன்தான். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. நான் போகாவிட்டால் விசேஷம் இல்லை, அக்கா மாமியார் வீட்டில் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியாது.

மொட்டை மாடல் வந்தது. அடுத்து வந்த சனி, ஞாயிறு எல்லாம் ஓசூர், பெங்களூர் கடைகளில் கழிந்தது. உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கினேன். ட்ராக்டருக்குத் தங்கச்சி மாதிரி டயர் போட்டேன். பக்கவாட்டில் தடிமனான இரும்புக் குழாய். கூரைமேல் கட்டில் அளவுக்கு ஒரு கேரியர், அதன் நெற்றியில் நீளமான லைட். முன்னால் இழுவைக் கயிறு சுற்றிய மோட்டார். கண்ணாடி இறக்குவதற்கு வெளிக் கடையில் ஒரு மோட்டார். ஹாரன் சத்தம் சப்பென்று இருந்ததால் தொப்பூர் கணவாயில் லாரிகள் அடிக்குமே, அந்த வகை ஹாரன். பின்கதவில் டீசல் கேன் மாட்ட ஒரு ஸ்டாண்ட், அதற்குத் தனிப் பூட்டு. வண்டி தண்ணீரில் முங்கினாலும் மூச்சு விடுவதற்கு பானெட் ஓரமாக ஒரு குழாய்.

அந்தக் குழாயை அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னாடா?"

"தண்ணி கழுத்தளவு வந்தாலும் வண்டி ஓடும்ப்பா."

"நம்ம ஏரியில கொக்குக்கே முட்டி நனையல. இதுக்கு எதுக்குடா தும்பிக்கை?"

கால்படி மட்டும் போடவில்லை. அது அழகைக் கெடுக்கும் என்று நினைத்தேன். காதுகுத்து அன்று காலை அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதன்மேல் ஏறி வண்டிக்குள் போனார். வெள்ளை வேட்டி, பட்டுத் துண்டு, கையில் பிளாஸ்டிக் நாற்காலி. இறங்கும்போதும் வேண்டுமே. அம்மாவும் சொந்தக்காரர்களும் வேனில் முன்பே போய்விட்டார்கள். சீர்த்தட்டுகளோடு கெத்தாகக் கடைசியில் வந்து இறங்குவது என்பது என் திட்டம்.

எங்கள் முனியப்பன் கோயில் நல்லம்பள்ளி தாண்டி ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறது. மண்பாதை முடிகிற இடத்தில் பங்காளிகள் சேர்ந்து கட்டிய வளைவு. இரண்டு தூண், மேலே ஒரு சிமெண்ட் விட்டம், அதில் உபயம் செய்தவர்கள் பெயர். அப்பா பெயரும் உண்டு. வளைவுக்கு அந்தப் பக்கம் கோயில் எல்லை. வெள்ளிக்கிழமை என்பதால் பத்தரைக்கு ராகு காலம் பிடித்துவிடும். நாங்கள் போகும்போதே நேரம் நெருக்கிக்கொண்டிருந்தது.

தூரத்தில் வண்டியைப் பார்த்ததும் பம்பைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். செல்போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. என் அக்கா வீட்டுக்காரர் முருகேசன் மாமா இரண்டு கையையும் ஆட்டினார். வரவேற்கிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். அவர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

வளைவுக்கு முன்னால் ஒரு பள்ளம். வண்டியின் மூக்கு அதில் இறங்கியபோது கூரை லைட் விட்டத்துக்கு அடியில் அழகாக நுழைந்துவிட்டது. பள்ளம் தாண்டியதும் என் உயர்தர ஸ்பிரிங் வண்டியை மறுபடி மேலே தூக்கியது. 'டமால்.' முன்னால் போனால் கேரியர் இடித்தது. பின்னால் வந்தால் லைட் விட்டத்தைக் கொக்கி போட்டுப் பிடித்தது. அப்பா மெதுவாக எட்டி மேலே பார்த்தார்.

"எம்பேருமேலயே இடிச்சிட்டியேடா."

"எறங்கிடலாம்ப்பா" என்று கதவைத் திறந்தேன். நாலு விரல் அளவு திறந்து தூணில் முட்டியது. அப்பா பக்கமும் அதே நாலு விரல். சரி, பின்கதவு? கேன் ஸ்டாண்டின் பூட்டைத் திறந்தால்தான் அது திறக்கும். சாவி வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் என்று பட்டனை அமுக்கினேன். கண்ணாடி பாதி வரை இறங்கியது. ஒரு முனகல் சத்தம். நின்றுவிட்டது. அப்பா பக்கத்துக் கண்ணாடி முனகக்கூட இல்லை.

"கம்பெனி கண்ணாடின்னா எறங்கியிருக்கும்" என்றார் அப்பா, நேராகப் பார்த்துக்கொண்டே.

"அப்பா, இப்ப வேணாம்."

"கம்பெனி கேரியர்னா பூந்திருக்கும்."

"அப்பா!"

"நான் பொதுவாத்தான் சொல்றேன்."

இழுவை மோட்டார் ஞாபகம் வந்தது. ஆனால் அது முன்பக்கம் மட்டும்தான் இழுக்கும். முன்பக்கம் கொக்கி மாட்டுகிற மாதிரி இருந்த ஒரே பொருள் முனியப்பனின் வேல். கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

இதற்குள் கூட்டம் சுற்றிக்கொண்டது. முருகேசன் மாமா ஜன்னலில் முகத்தை வைத்தார். "என்ன மாப்ள, எறங்க மாட்டீங்களா? தனியா அழைக்கணுமா? இல்ல ஆரத்திய பானெட்டுக்கு எடுக்கட்டுமா?"

"மாட்டிக்கிச்சுங்க மாமா."

"அது தெரியுது. ஊருக்கே தெரியுது."

பம்பைக்காரர்களுக்கு நிலைமை புரியவில்லை. புது வண்டிக்கு ஏதோ பூஜை என்று நினைத்து வண்டியைச் சுற்றி வந்து அடித்தார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நேரம் போவுதுடா. இன்னிக்கு விட்டா மறுபடி எப்ப எல்லாரையும் கூட்டறது? எங்க மாமியாரு இப்பவே, 'உந்தம்பி வண்டிய காட்ட வந்தானா, கொழந்தைக்கு வந்தானா'ன்னு கேக்கறாங்க."

அந்த மாமியார் கேட்ட கேள்வி ரொம்ப நியாயமான கேள்வி.

டயரில் காற்றை இறக்கினால் வண்டி தாழும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அவ்வளவு பெரிய டயர்கள் காற்றை விட்டு முடிப்பதற்குள் ராகு காலம் வந்து உட்கார்ந்துவிடும். அப்போதுதான் பூசாரி முன்னால் வந்தார். வளைவையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டி மூக்கு எல்லைக்குள்ள வந்துடுச்சி. மாமன் மடி எங்க இருக்குது?"

எல்லோரும் குனிந்து என் மடியைத் தேடினார்கள். முட்டி எல்லைக்குள் இருந்தது, மடி இன்னும் வெளியூரில் இருந்தது.

"சீட்ட முன்னால தள்ளுப்பா" என்றார் பூசாரி.

தள்ளினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. அன்று அந்த வண்டியில் சொன்ன பேச்சைக் கேட்ட பொருள் அது ஒன்றுதான். அப்பா இருமினார். "அது கம்பெனி சீட்டு."

"இப்ப மடி உள்ள வந்துடுச்சி. ஜன்னல் வழியா புள்ளையக் குடுங்க" என்று பூசாரி தீர்ப்பு சொன்னார்.

பட்டுப்பாவாடையும் முடி முளைக்கிற மொட்டைத் தலையுமாக நித்திலா பாதிக் கண்ணாடிக்கு மேலாக உள்ளே வந்தாள். ஸ்டியரிங்குக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் அவளைச் செருகினேன். ஆசாரி கண்ணாடிக்கு மேலே கையை விட்டார்.

"எத்தனையோ மடியப் பாத்திருக்கேங்க. டிரைவர் சீட்டு மடி இதான் மொத தடவ."

அவளுக்கு மூச்சுக் குழாயைக் காட்டி "யானை பாரு, யானை" என்றேன். அந்தக் குழாயால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான். அவள் யானையைத் தேடுவதற்குள் வலது காது முடிந்துவிட்டது. அளவெடுத்த மாதிரி சரியான இடம்.

இடது காதுக்கு அவளைத் திருப்ப வேண்டும். என் முகத்தைப் பார்த்தபடி உட்கார வைத்தேன். சீட்டை முன்னால் தள்ளியிருந்ததால் அவள் முதுகுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் இடமே இல்லை. வலித்த காது ஞாபகம் இருந்த குழந்தை ஊசியைப் பார்த்ததும் என்ன செய்யும்? பின்னால் சாய்ந்தது.

தொப்பூர் கணவாயே கோயிலுக்குள் வந்த மாதிரி ஹாரன் அலறியது. பம்பை நின்றது. பொங்கல் பானைப் பக்கம் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். பலிக்குக் கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு மலையேறிவிட்டது. ஆசாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் தொழில்காரர், ஊசியை விடவில்லை. ஊசி உள்ளே போய்விட்டது. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "குத்தியாச்சுங்க" என்றார். "கொஞ்சம் மேல போயிடுச்சி. வளர வளரத் தெரியாது."

குலவைச் சத்தம் கிளம்பியது. பத்தரைக்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது. நித்திலா என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாள். ஜன்னலுக்கு வெளியே அக்கா ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். மாமியார் எட்டிப் பார்த்து, "மாமன் வந்துட்டான், போதும் வுடு" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு டயர்களில் காற்றை இறக்கினார்கள். வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டே தாழ்ந்தது. நான்கைந்து பேர் பின்னால் தள்ள, அப்பா பெயரில் பாதியைச் சுரண்டிக்கொண்டு வெளியே வந்தது. அப்பா நாற்காலியைப் போட்டு நிதானமாக இறங்கினார். இறங்கியதும் அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "காத்து அடிக்கிற பம்பு எங்க?"

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வாங்கியிருந்தேன். அதை மட்டும் வாங்கவில்லை.

சாயங்காலம் வரை வண்டி கோயில் வாசலில் சப்பையாகக் கிடந்தது. ஆளாளுக்கு அதன்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கிடாவைத் தேடிப் போனவர்கள் மதியம் தாண்டித்தான் வந்தார்கள், கிடா இல்லாமல். பூசாரி, சாமி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அறிவித்தார். அன்று நாங்கள் தக்காளி ரசமும் பொரியலும் சாப்பிட்டோம். அத்தனை பேரும் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்கள்.

கேரியர், லைட், ஹாரன் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போய்விட்டன. வண்டி இப்போது ஓடையைத் தாண்டிக் காட்டுக்குப் போய் வருகிறது, சமர்த்தாக. ஷோரூமிலேயே ஆர்டர் கொடுத்துக் கால்படி போட்டாகிவிட்டது. அப்பா மிக்சி வாங்கப் போனாலும் "எல்லாம் கம்பெனி ஃபிட்டிங்தானுங்களே?" என்று கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

ஆசாரி சொன்னது மட்டும் நடக்கவில்லை. நித்திலா வளர்ந்துவிட்டாள், பள்ளிக்கூடம் போகிறாள், தெரிகிறது. ஜிமிக்கி போட்டால் இடது பக்கம் ஒரு நூல் உயரத்தில் ஆடும். போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பஜ்ஜி தட்டு வந்தது, எல்லோரும் அடக்கமாக இருந்தோம். பெண், நித்திலாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஏன் பாப்பா, ஒரு கம்மல் மட்டும் மேல இருக்குது?" என்று கேட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பஜ்ஜியை ஆராய ஆரம்பித்தார்கள்.

நித்திலா வலது காதைத் தொட்டுக் காட்டினாள். "இது கம்பெனி ஃபிட்டிங்." இடது காதைத் தொட்டாள். அப்புறம் என்னை நோக்கி விரலை நீட்டினாள்.

"இது மாமா வெளியில போட்டது."