மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கல்யாணம்

மணமகளின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

புலியண்ணன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தார். தோட்டத்து மேடையில் மணமகள் முழுசாகத்தான் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளையும் முழுசாக இருந்தான். மறுபடி கேமராவில் கண்ணை வைத்தார். மூக்கு.

ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, உங்க கல்யாணப் பை இங்க சோபாவுல உட்கார்ந்திருக்கு."

"அப்ப நான் கொண்டுவந்தது?"

"காட்டுப் பை. ரெண்டும் ஒரே கறுப்பு. ஒண்ணுலயாவது ஒரு சிவப்பு நாடா கட்டுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"

கேட்கவில்லை. காட்டுப் பையில் இருந்தது ஒரே ஒரு லென்ஸ். கைக்குழந்தை அளவு நீளம், அதைவிடக் கனம். தூரத்துப் புலியைக் கிட்டத்தில் காட்டும். கிட்டத்தில் நிற்கிற மனிதரில் மூக்கைத் தவிர வேறொன்றையும் காட்டாது. அந்தப் புலியையும் அவர் இன்னும் பார்த்ததில்லை. கல்யாண வேலை இல்லாத நாளெல்லாம் காட்டுக்குப் போய் வருவார். ஒருமுறை வாலைப் பார்த்தார். அது வாலா, காய்ந்த கொடியா என்று வீட்டில் இன்னும் விவாதம் நடக்கிறது. பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வீடு ஊரின் மறுகோடியில். போய் வருவதற்குள் மோதிரம் மாற்றி முடித்துவிடுவார்கள். மொபைலில் எடுக்கலாம்தான். ஆனால் வந்திருந்த அத்தனை பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு இவர் எதற்கு?

"பின்னாடி போனா சரியாயிடும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தார்.

மூக்கோடு கண்கள் சேர்ந்தன. இன்னும் நடந்தார். வாய் வந்தது. முகவாய் வரும் என்று இன்னும் நாலடி வைத்தபோது, பாட்டுக்குழுவின் டிரம் மேல் உட்கார்ந்துவிட்டார். டமார் என்ற சத்தத்தில் மேடையில் பேசிக்கொண்டிருந்த பெரியவரின் பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.

தோட்டத்தின் எல்லைக்கே போனார். மதில் சுவர் முதுகில் இடித்தது. சுவர்மேல் ஏறினால் மணமகளின் தோள் வரைக்கும் கிடைக்கும் என்று ஏறினார். ஏறியதைப் பார்த்த காவலாளி காலைப் பிடித்தார்.

"இறங்குய்யா! கல்யாண வீட்டுல சுவரேறிக் குதிக்கிறியா?"

"போட்டோகிராபர்ங்க!"

"போட்டோகிராபர் மேடைகிட்ட நிப்பாரு. எனக்குத் தெரியாதா?"

காலை உதறியதில் ஒரு செருப்பு காவலாளி கையோடு போயிற்று. புலியண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம், தெருவில் விழுந்தார். நல்லவேளை, லென்ஸ் மார்மேல் இருந்தது. விழுந்த இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தார். தெருவுக்கு எதிரே ஒரு லாட்ஜ். மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அங்கிருந்து மேடைக்கு நேர் பார்வை.

ஒற்றைச் செருப்போடு படியேறிக் கதவைத் தட்டினார்.

திறந்தவருக்கு நரைத்த மீசை. மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. எங்கேயோ கிளம்பி, பாதியில் மனசு மாறியவர் போல நின்றார்.

"யாரு நீ?"

"போட்டோகிராபர் சார். எதிர்ல கல்யாணம். உங்க ஜன்னல் வேணும்."

"கழட்டிட்டுப் போகப் போறியா?"

"இல்ல சார், இங்கேருந்தே எடுத்துக்கறேன்."

"எனக்குக் கல்யாணம்னாலே ஆகாது. அந்தச் சத்தமும் கும்மாளமும்..." என்றார் அவர். ஆனாலும் வழி விட்டார். ஜன்னலருகே ஒரு நாற்காலி தயாராகக் கிடந்தது. புலியண்ணனுக்கு அது வசதியாகப் போயிற்று. நாற்காலி முதுகில் லென்ஸைச் சாத்தி, கண்ணை வைத்தார்.

மணமகள் தலை முதல் கால் வரை இருந்தாள். மாப்பிள்ளையும் இருந்தான். அவர் மூச்சு விடுவதற்குள் போன் அலறியது. மணமகளின் அம்மா.

"தம்பி, எங்க இருக்கீங்க? எதிர் லாட்ஜ்லேருந்து எவனோ துப்பாக்கிய நீட்டுறான்னு மாமா சொல்றாரு!"

"அது நான்தாம்மா."

"நீங்க எதுக்குத் தம்பி துப்பாக்கிய..."

"லென்ஸும்மா! புது ஸ்டைல். ஆளுங்களுக்குத் தெரியாம எடுக்கிறது."

"நல்லாருக்கே! எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கறதுன்னு தெரியாம நாங்க நாலாபக்கமும் சிரிச்சுக்கிட்டு நிக்கறோம் தம்பி!"

அந்த அம்மாளின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அறைக்காரர் தண்ணீர் குடிக்கப் போனார்.

"யாரும் எந்தப் பக்கமும் பார்க்க வேணாம்மா. நான் இல்லன்னே நெனச்சுக்குங்க" என்று சொல்லிப் போனை அணைத்தார் புலியண்ணன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். கேமரா எங்கே என்று தேடுவதை மேடையில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். முகங்கள் ஒவ்வொன்றாக இறுக்கம் தளர்ந்தன. மாமா வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பதை நிறுத்தினார். ஒரு சின்னப் பெண் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். இத்தனை வருடமாகக் கல்யாணங்களில் கூவிக் கூவிச் சிரிக்க வைத்த புலியண்ணன், மனிதர்கள் தாமாக இருக்கும்போது எப்படி இருப்பார்கள் என்பதை அன்றுதான் பார்த்தார்.

"இப்ப அவ கீழ பார்ப்பா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அறைக்காரர்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்திருந்தார். "பார்த்துட்டு நிமிரும்போது சிரிப்பா. அப்ப எடு."

மணமகள் கீழே பார்த்தாள். நிமிர்ந்தாள். சிரித்தாள். க்ளிக்.

புலியண்ணன் திரும்பிப் பார்த்தார். "எப்படி சார்?"

"பார்த்தா தெரியாதா? அங்க பாரு, நீலச் சட்டை போட்ட பொண்ணைத் தேடுறா. ரெண்டு பேரும் ஒண்ணா வாயைப் பொத்துவாங்க."

இருவரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். க்ளிக்.

காட்டில் இப்படி ஒருவரைத்தான் புலியண்ணன் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். இலை அசைவதை வைத்து, எந்த மிருகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்கிற கண்!

"சார் என்ன வேலை பார்க்கறீங்க?"

"வாத்தியார். பரீட்சை ஹால்ல மேற்பார்வை. எவன் காப்பியடிக்கப் போறான்னு அவனுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்." மாப்பிள்ளையைக் கண்ணால் காட்டினார். "இவனைப் பாரு. கேள்வித்தாளைத் தலைகீழாப் புடிச்சவன் மாதிரி முழிக்கிறான்."

"நல்ல பையனாத்தான் தெரியறாரு சார்."

"உனக்கென்ன தெரியும்? நீ படத்தை எடு."

மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார். மணமகள் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அழப்போறா" என்றார் வாத்தியார்.

"சிரிச்சுக்கிட்டுல்ல இருக்காங்க?"

"கையைப் பாரு. கட்டைவிரலை உள்ள மடக்கியிருப்பா."

புலியண்ணன் கையைப் பார்த்தார். கட்டைவிரல், குழந்தையின் கையில் மடங்குவதுபோல விரல்களுக்குள் ஒளிந்திருந்தது. முகத்துக்கு லென்ஸைத் திருப்பியபோது, சிரிப்பு அப்படியே இருக்க, கண்ணோரத்தில் ஒரு துளி திரண்டுகொண்டிருந்தது. அது உருண்டு இறங்கும் வரைக்கும் புலியண்ணன் மூச்சே விடவில்லை. மணமகளோ மேடையில் யாரையும் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரை சார் தேடுறாங்க?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது வெயில் நகர்ந்து மணமகளின் கண்ணில் விழுந்தது. மாப்பிள்ளை பேசுகிறவரைப் பார்த்தபடியே கையை உயர்த்தி, அவள் நெற்றிக்கு நேரே நிழலாகப் பிடித்தான். அவள் கவனிக்கவே இல்லை. அவனும் அவள் கவனிக்க வேண்டும் என்று செய்யவில்லை. பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. கை இறங்கவில்லை.

வாத்தியார் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றார் கடைசியில். "அதை எடு." கொஞ்சம் பொறுத்து, "நல்லா எடு" என்றார்.

பிறகு, "நான் ஒருதரம் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

புலியண்ணன் நகர்ந்து இடம் விட்டார். வாத்தியார் கண்ணை வைத்தார். லென்ஸ் நடுங்கியது.

"மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பாருங்க சார்."

"புடிச்சுக்கிட்டுதான்யா இருக்கேன்."

லென்ஸின் கண்ணாடி வெயிலில் மின்னியிருக்க வேண்டும். மணமகள் சட்டென்று நிமிர்ந்து இந்த ஜன்னலைப் பார்த்தாள். காட்டில் மான் அப்படித்தான் பார்க்கும். வாத்தியார் சுடப்பட்டவர் போலப் பின்வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. கிளம்பு. உன் வேலை முடிஞ்சுதுல்ல?"

மோதிரம் மாற்றியதையும் எடுத்தாகிவிட்டது, வேலை முடிந்திருந்தது. ஆனால் புலியண்ணன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இந்த மனிதரை இப்படியே விட்டுவிட்டுப் போவது பாவம். "சார், நீங்க வந்து ஒரு வாய் சாப்பிடணும்."

"அழைக்காத வீட்டுக்கு நான் போறதில்ல."

"நான் அழைக்கிறேனே! இந்தப் படமெல்லாம் நீங்க சொல்லி எடுத்தது சார். பொண்ணுகிட்ட காட்ட வேணாமா?"

"வேணாம். விட்டுடு தம்பி."

கூச்ச சுபாவம் என்று புலியண்ணன் நினைத்தார். கூச்சப்படும் பிராணியைப் பிடித்து இழுக்கக் கூடாது, பக்குவமாக நகர்த்த வேண்டும். "சரி சார், கீழ வரைக்கும் இந்த லென்ஸை மட்டும் புடிச்சுக்குங்க. ஒரு கால்ல செருப்பு இல்ல, படியில தடுக்கினா போச்சு."

வாத்தியார் தயங்கி, லென்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கீழே வந்ததும், "தெருவைத் தாண்டுற வரைக்கும் சார்" என்றார் புலியண்ணன். தெருவைத் தாண்டியதும், "கேட் வரைக்கும்" என்றார். கேட்டில் காவலாளி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இவரு யாரு?"

"என் அசிஸ்டென்ட்" என்று வாத்தியாரின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார் புலியண்ணன்.

புல்வெளியில் காலை வைத்ததும் பாட்டு நின்றது. பேச்சு நின்றது. மாமா கையிலிருந்த தட்டு சாய்ந்தது. மணமகளின் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேடையிலிருந்து மணமகள் இறங்கி, ஓடி வரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பாதியில் நின்றாள். லென்ஸைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு வாத்தியார் தரையைப் பார்த்தபடி நின்றார்.

அழையாத ஆளைக் கூட்டிவந்தது தப்பாகிவிட்டது என்று புலியண்ணனுக்குப் பட்டது. கை கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. சத்தியமா இவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

நீலச் சட்டைப் பெண் அவரைத் தாண்டி ஓடிக்கொண்டே சொன்னாள்:

"எங்களுக்குத் தெரியும்ண்ணே. ரெண்டு வருஷமா அக்காகூடப் பேசாத எங்கப்பா!"