போகிக்கு முன்னால் போன லேப்டாப்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். பாதி மறந்தும் போச்சு. ஆனால் அன்று பட்ட வெட்கம் மட்டும் மறக்கவே இல்லை.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துதான் மருமகள் கவிதா கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போகிக்கு முந்தின நாள் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் மூலை உடைந்த லேப்டாப் ஒன்று கிடந்தது. புதுசுதான் வாங்கிவிட்டாளே என்று அதைப் பழைய சாமான் வண்டிக்காரரிடம் போட்டு, ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை வாங்கிக்கொண்டேன். (நல்ல கெட்டியான அன்னக்கூடை. அதையும் சொல்லணும்.)

மத்தியானம் கவிதா இறங்கி வந்தாள். "அத்தை, அந்தப் பழைய லேப்டாப் எங்க?"

நான் அன்னக்கூடையைக் காட்டினேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அத்தை! கஸ்டமர் இன்னும் பழைய வெர்ஷன்லதான் இருக்காங்க. நான் எழுதுற கோடு பழசு, புதுசு ரெண்டுலயும் ஓடணும். பழசு அதுல மட்டும்தான் இருக்கு. சாயங்காலம் ஓட்டிக் காட்டலன்னா என் வேலையே போயிடும்."

பழைய மிக்ஸி ஜார் புது மிக்ஸியில் உட்காராதே, அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன். மீட்டிங் ஆரம்பித்துவிட்டது என்று அவள் மாடிக்கு ஓட, நான் அன்னக்கூடையோடு தெருவுக்கு ஓடினேன்.

பின் தெருவில் வண்டி மட்டும் நின்றது, ஆளைக் காணோம். பேப்பர் கட்டுக்கு அடியில் லேப்டாப் தெரிந்தது. கேட்காமல் எடுத்தால் திருட்டு. சத்தம் போட்டுக் கூப்பிடவோ எனக்கு வராது. (என் வீட்டுக்காரரே நான் சொல்வதை ரெண்டு தரம் கேட்பார்.) வண்டியில் மைக் தொங்கியது. அதில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி!

"தம்பி... அந்தக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் குடுப்பா... பழசு இல்லன்னா என் மருமகளுக்கு வேலை போயிடும்..."

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வண்டிக்காரர் டீக்கடையிலிருந்து ஓடி வந்தார். "இன்னா ஆயா, என்னாண்ட சொல்றத ஊருக்கே சொல்லிகினு கீறியே!"

அன்னக்கூடையைத் திருப்பிக் கொடுத்து, லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தால், கவிதா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். "பழசெல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு சார்" என்று அவள் மீட்டிங்கில் சொன்ன அதே நேரத்தில், ஜன்னல் வழியாக என் குரல் போய் விழுந்திருக்கிறது. கஸ்டமரும் தமிழ்க்காரராம்.

நல்லவேளை, சாயங்காலம் ரெண்டிலும் ஓடியது. அந்த மனுஷர் இன்றைக்கும் மீட்டிங் முடியும்போது, "பழசு பத்திரமா இருக்கா? இல்ல, உங்க அத்தைய மைக்ல கேட்டுக்கவா?" என்பாராம். ஆயுத பூஜைக்கு அந்த மூலை உடைந்த லேப்டாப்புக்குத்தான் நான் பெரிய பொட்டாக வைக்கிறேன்.

கவிதா, கம்ப்யூட்டர் விஷயம் தப்பாக இருந்தால் பார்த்துத் திருத்திக் கொடும்மா. ஆனால் நான் எழுதின பழசையும் தூக்கிப் போட்டுவிடாதே.