அடுப்பைத் தொடாதீர்கள்

மொட்டை மாடியில் நின்று சைரனின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தையல்காரருக்குத் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. கீழே தெருவில் ஒரு ஈ காக்கைகூட ஓடவில்லை.

மூச்சு வாங்க இறங்கி வந்தவரைக் கீழ்வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன டெய்லரே, இன்னிக்கு இவ்வளவு லேட்டா அடிக்கிறீங்க? என் சோறு குழைஞ்சே போச்சு!"

"சைரன் அடிச்சா மேட்டுக்கு ஓடணும்க்கா! நீங்க அடுப்படியில என்ன பண்றீங்க?"

"அடுப்பை அணைக்கிறேன். உங்க சைரனுக்கு எங்க வீட்ல வேற என்ன வேலை?"

தப்பு அவருடையதுதான். போன மழையில் ஆறு தெருவுக்குள் நுழைந்தபோது யாருக்கும் தெரியவில்லை. பாய் நனைந்த பிறகுதான் அவரே எழுந்தார். தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்த அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் நகராட்சி தெருவுக்கு ஒரு சைரனைக் கொடுத்து, "வாரம் ஒரு தடவை சுத்திப் பாருங்க" என்றபோது, அவர் தினமும் மதியம் சுற்றினார். தெரு அதைக் கடிகாரமாக்கிக்கொண்டது. சைரன் கேட்டால் பெண்கள் அடுப்பை அணைப்பார்கள், முடிதிருத்துபவர் கடையை இழுத்து மூடிவிட்டுச் சாப்பிடப் போவார். ஆறு என்ற ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள்.

இந்த லட்சணத்தில்தான் நகராட்சியிலிருந்து போன் வந்தது.

"வியாழக்கிழமை ஒரு ஆபீசர் வருவார். நீங்க சைரன் அடிக்கணும், ஜனங்க என்ன பண்றாங்கன்னு பார்ப்பார். சரியில்லேன்னா சைரனை அடுத்த தெருவுக்குக் கொடுத்துடுவோம்."

"சரிங்க சார், சரிங்க சார்" என்று போனை வைத்தார். அடுத்த தெருவில்தான் அவர் மச்சான் சைக்கிள் கடை வைத்திருந்தான். சைரன் அங்கே போனால், அந்தப் பயல் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவான்.

"உன் தம்பி மொட்டை மாடியில இடம் பார்த்து வச்சிருக்கானாமே?" என்றார் மனைவியிடம்.

"அவன் பெருக்கிக்கூட வச்சிட்டான்" என்றாள் அவள்.

தையல்காரர் யோசித்தார். ஒரு நாள் அடிக்காமல் விட்டால் பழக்கம் விட்டுப்போகும் அல்லவா? மறுநாள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

தெரு முழுக்க அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. சைரன் வரட்டும், சைரன் வரட்டும் என்று பெண்கள் காத்திருந்ததில் ஒரு வீட்டில் சோறு கரியானது, இன்னொரு வீட்டில் பாத்திரத்துக்கு அடியே இல்லாமல் போனது. புகையில் எதிர்வீடு தெரியவில்லை. சாயங்காலம் அவர் கடை வாசலில் கருகிய பாத்திரங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

"தேய்ச்சுக் கொடுங்க டெய்லரே" என்றாள் கீழ்வீட்டு அக்கா.

தேய்த்துக் கொடுத்தார். தேய்க்கும்போதே அடுத்த யோசனை வந்தது. நேரத்தை மாற்றிவிட்டால்?

அடுத்த நாள் காலையிலேயே சுற்றினார். பற்றவைத்த அடுப்பை உடனே அணைத்ததில் தெருவே வேகாத உருளைக்கிழங்கைத் தின்றது. முடிதிருத்துபவர் பாதி மீசையோடு ஒருவரை எழுப்பி வெளியே விட்டுக் கதவை மூடிவிட்டார். அந்தப் பாதி மீசைக்காரர் நேரே தையல் கடைக்கு வந்தார்.

"இப்ப என்னய்யா பண்றது? பொண்ணு பார்க்க வர்றாங்க!"

"எந்தப் பக்கம் மீசை இருக்கோ, அந்தப் பக்கமாத் திரும்பி உட்காருங்க" என்றார் தையல்காரர். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கடைசியில் ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகாத குறையாக ஒரே தெருவில் மேலும் கீழும் நடந்தார்.

"வியாழக்கிழமை சைரன் அடிச்சா யாரும் அடுப்பைத் தொடாதீங்க! போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓடுங்க!"

மனைவி அவரை வாசலில் மறித்தாள். "எரியிற அடுப்பை விட்டுட்டு ஓடினா, திரும்பி வர வீடு இருக்குமா?"

"ஆத்துத் தண்ணி வந்து அணைச்சுடும்!"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை மதியம் ஜீப் வந்து நின்றது. ஆபீசர் இறங்கினார். பேச்சே இல்லாத மனிதர், தலையை மட்டும் ஆட்டினார். ஜீப்புக்குப் பின்னாலேயே மச்சான் தள்ளுவண்டியும் கயிறுமாக வந்து நின்றான்.

"சும்மா பார்க்க வந்தேன் மாமா."

தையல்காரர் உயிரைக் கொடுத்துச் சுற்றினார். சைரன் அலறியது. எட்டிப் பார்த்தார். ஒருத்தர், ஒரே ஒருத்தர் ஓட வேண்டுமே! முடிதிருத்துபவர் கடையை மூடினார். மற்றபடி தெரு வெறிச்சென்று கிடந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வர, அவர் கீழே வந்தபோது ஆபீசர் கீழ்வீட்டு அடுப்படியில் நின்று அடுப்பின் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வீட்டிலும் நேரே அடுப்படிக்குத்தான் போனார்.

'பசி போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டார் தையல்காரர். "சார், நம்ம வீட்ல சாப்பிடலாமே?"

ஆபீசர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியாகத் தையல்காரர் வீட்டு அடுப்பையும் தொட்டுப் பார்த்தார். அதுவும் அணைந்துதான் இருந்தது. சொந்த மனைவியே பேச்சைக் கேட்கவில்லை.

"நூத்துக்கு நூறு" என்றார் ஆபீசர். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு தெருவைப் பார்த்ததில்ல. சைரன் இங்கேயே இருக்கட்டும்."

கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார். மச்சான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

தையல்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வண்டியைக் கிளப்பப் போன டிரைவரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கிண்டல் பண்றாரா? தண்ணி வந்தா மேட்டுக்கு ஓடணும். ஒரு ஆள்கூட ஓடல. எல்லாரும் அடுப்பை அணைச்சிட்டு வீட்டுக்குள்ளயே நின்னாங்க. அதுக்கு எப்படி நூத்துக்கு நூறு?"

டிரைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அண்ணே, இவர் தீயணைப்பு ஆபீசர், வெள்ளத்தைப் பார்க்கிற ஆபீசர் அடுத்த வாரம் வர்றார்."